சொன்னவர் திரும்பி வந்து பார்த்தாரா?

நம்முடைய இயக்கக் கூட்டங்களில் கைதட்டல் வாங்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மேடையேறிப் பல்கலைக்கழகத்துக்காரர்களை ஒரு பிடி பிடித்தால் போதும். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்" என்று பழமொழியையும் சேர்த்து எடுத்து விட்டால் பந்தல் அதிரும். யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொன்னது யார், எண்டோசல்பானை அடிக்கச் சொன்னது யார், நாட்டு விதையை ஓரங்கட்டியது யார் என்று வரிசையாகக் கேட்பார்கள். கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் நமக்கு வேண்டிய ஒன்றையும் சேர்த்தே தூக்கி எறிகிறோம் என்பது என் எண்ணம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையில் வேர்வாடல் பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைப் பேசாமல் இருப்பது சரியில்லை. சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லைங்க.

முதலில் நம் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் மாநில வேளாண்மை மன்றச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. இளம் நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. டாக்டர்களுக்கு மருத்துவ மன்றம், வக்கீல்களுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல வேளாண்மைக்கும் ஒன்று என்ற கணக்கில் வந்த சட்டம். இங்கே வேளாண் பட்டம் வாங்கி, மன்றத்தில் பெயரைப் பதிந்து வைத்திருப்பவர்தான் விவசாய ஆலோசனை சொல்லலாம். பதிவில்லாமல் சொன்னால் தண்டனை. இயற்கை விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். நம்மாழ்வார் ஐயா முன்னால் நின்றார். கடைசியில் சட்டம் நடைமுறைக்கு வராமலே நின்றுபோனது.

அந்தச் சட்டம் இருந்திருந்தால் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்காது. நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை பார்த்து, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கி, 2024-ல் மறைந்தவர் அவர். கொடுமுடி டாக்டர் நடராஜனும் பதிய முடியாது. அவர் படித்தது மனிதர்களுக்கான வைத்தியம். ஆனால் பயிருக்கான பஞ்சகவ்யத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், சட்டத்தை எதிர்த்த நம்மாழ்வார் ஐயா மட்டும் பதிந்துகொள்ளலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேளாண் பட்டதாரி ஆயிற்றே!

இதை நாம் சிரித்துவிட்டுக் கடந்து போகிறோம். ஐயா 1960-களில் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மானாவாரி கரிசல் நிலம். அங்கே நடந்த ஆராய்ச்சி மழையை நம்பிப் பிழைக்கும் சம்சாரிக்கு உதவாது என்று கண்டு வேலையை விட்டு வெளியே வந்தார். அவர் பேச்சுக்கு ஒரு எடை இருந்தது என்றால், பரிசோதனைப் பாத்தியில் என்ன நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர் என்பதும் அதற்குக் காரணம். பட்டம் இருந்தால் நிபுணர் என்ற 2009-ஆம் வருடத்துக் கணக்கு தப்பு. பட்டம் இல்லாவிட்டால் நிபுணர் என்று நாம் இப்போது போடும் கணக்கு மட்டும் எப்படிச் சரியாகும்?

அதே காலத்தில் நம் பகுதியில் நடந்த இன்னொரு சங்கதியைச் சொல்கிறேன். 2008-ல் கோவையில் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. அடுத்த இரண்டு வருடத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று பரவிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, பார்த்தீனியம் என எதையும் விடவில்லை. அப்போது நான் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். பட்டுப்புழு வளர்ப்புக்கும் பப்பாளிக்கும் கடன் வாங்கியவர்கள் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பிய இலையைப் பையில் போட்டுக் கொண்டு வந்து என் மேசையில் வைப்பார்கள். தவணை கட்ட முடியாததற்கு அதுதான் சாட்சி. வாரத்துக்கு இரண்டு முறை மருந்தடித்தவர்களும் இருந்தார்கள். பூச்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு மாவு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. "ஏனுங் சார், ராத்திரி மருந்தைக் குடிச்சுப் போட்டுத் தூங்குதுங்க, காத்தால எந்திரிச்சு மறுக்காத் திங்குதுங்க" என்றார் ஒரு பெரியவர். மல்பெரிக்காரர் பாடு இன்னும் மோசம். இலையில் மருந்து இருந்தால் பட்டுப்புழு செத்துப்போகும். இயற்கை முறையில் இருந்தவர்கள் வேப்பெண்ணெய், மீன் எண்ணெய் சோப்பு, மூலிகைக் கரைசல் எல்லாம் அடித்தார்கள். கொஞ்சம் குறையும், மறுபடி வரும்.

இதைத் தீர்த்தது எது? முதலில் அதன் பெயர். கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, இது பருத்தியில் வரும் மாவுப்பூச்சி இல்லை, செம்பருத்தியில் வழக்கமாக வருவதும் இல்லை, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் தெரிந்தால்தான் சொந்த ஊர் தெரியும். சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் என்று தெரிந்தால்தான் அங்கே இந்தப் பூச்சி ஏன் பெருகவில்லை, அதைத் தின்பது யார் என்று கேட்க முடியும். இப்போது தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் என்று அழைக்கப்படும் பெங்களூரு ஆராய்ச்சி நிலையம், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தனிக்கூடத்தில் அடைத்து, வேறு எதற்கும் கேடு செய்யுமா என்று சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். அதில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்பது ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயிருந்தே தின்று காலி செய்துவிட்டு வெளியே வரும். நம் வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கிக் கொடுத்தது. ஒன்றிரண்டு வருடத்தில் பூச்சி அடங்கிவிட்டது. இன்றைக்கு அந்தப் பேச்சே இல்லை.

இது முழுக்க முழுக்க நம் வழி. ரசாயனம் கிடையாது, செலவு கிடையாது, ஒரு உயிர் இன்னொரு உயிரைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நம்மில் யாராலும் இதைச் செய்திருக்க முடியாது. எத்தனை தலைமுறை அனுபவம் இருந்தாலும் நேற்று வந்த பூச்சிக்கு அந்த அனுபவத்தில் இடம் இல்லை. ஒரு மில்லிமீட்டர் பூச்சிகளை மட்டுமே இருபது முப்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கோ இருந்ததால்தான் நம் வெள்ளாமை தப்பியது. வரியில் அவருக்குச் சம்பளம் கொடுப்பது வீண் என்று நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அந்தப் பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. 1970-களில் மத்திய ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சி புகுந்து பல நாடுகளில் ஏழைகளின் சாப்பாட்டையே பறித்தது. அதன் எதிரியைத் தேடிப் போனவர்கள் முதலில் தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடினார்கள். பார்ப்பதற்கு அதே மாதிரி ஒரு பூச்சி கிடைத்தது. ஆனால் அது வேறு இனம், அதன் எதிரிகள் ஆப்பிரிக்காவில் பலிக்கவில்லை. வருடங்கள் போயின. 1981-ல் பராகுவேயில் சரியான பூச்சியும், கூடவே அனாகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்த பிறகுதான் விடிவு. அந்த வேலையை முன்னின்று நடத்திய சுவிஸ் நாட்டுக்காரர் ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கும் வந்தது. அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ பராகுவேயில் அலைந்த அலைச்சலின் பலன் நம்மூர்க் கிழங்குக்காரருக்கு வந்து சேர்ந்தது.

2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது நடந்தது இன்னும் சுவாரசியம். ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து தோப்பே கருப்பாகிவிட்டது. ஓடி வந்த பூச்சியியல்காரர்கள் சொன்னது: மருந்து அடிக்காதீங்க. என்கார்சியா என்ற ஒட்டுண்ணி தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது, மருந்தடித்தால் அதுதான் முதலில் சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், கரும்பூசணத்துக்கு மைதாப் பசை தெளியுங்கள், பொறுத்திருங்கள். இந்த யோசனையால் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை வந்தது. பல பேர் கேட்காமல் அடித்தார்கள் என்பது தனிக்கதை.

ஏன் கேட்கவில்லை? விவசாயி யாரிடம் யோசனை கேட்கிறார் என்று மத்திய அரசு 2003-ல் மாதிரி ஆய்வு எடுத்தது. நூறு விவசாயக் குடும்பத்தில் ஏதாவது ஒரு வழியில் தொழில்நுட்ப யோசனை கிடைத்தது நாற்பதுக்குத்தான். அரசு விரிவாக்கப் பணியாளர் மூலம் கிடைத்தது ஆறுக்கும் குறைவு. முன்னோடி விவசாயியிடம் கேட்டவர்கள் பதினேழு, உரக்கடை மருந்துக்கடையில் கேட்டவர்கள் பதின்மூன்று. நடைமுறையில் நம் ஊர் நிபுணர் கடைக்காரர்தான். பூச்சி தின்ற இலையைக் காட்டினால் உடனே ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். அவர்களுக்கும் இப்போது ஒரு வருட டிப்ளமா படிப்பு நடத்துகிறார்கள், நல்லதுதான். ஆனால் சீட்டு எழுதுகிறவரும் பாட்டில் விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை "எதுவும் அடிக்காதீங்க" என்ற யோசனை அந்தக் கடையில் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த நல்ல நிபுணத்துவத்துக்கு உதாரணம் கேட்டால் கண்ணபுரம் மாட்டுச் சந்தையைச் சொல்வேன். வெள்ளகோவில் பக்கம், சித்திரையில் கூடும். காங்கயம் காளையின் பல்லைப் பார்த்து வயது சொல்லி, நடையைப் பார்த்துக் குளம்பில் குறை சொல்லி, சுழி பார்த்து விலை சொல்லும் தரகர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்தக் கல்லூரியிலும் படிக்காத படிப்பு. அவர் சொன்னது தப்பினால் வாங்கினவர் அடுத்த சித்திரைக்கு அதே சந்தையில் வந்து நிற்பார். முகம் கொடுத்தாக வேண்டும். பூச்சியியல்காரரின் ஆராய்ச்சியிலும் இதே ஏற்பாடு உண்டு. குளவியை விட்டதோடு நிற்காமல், எத்தனை பூச்சியில் அது முட்டை வைத்தது என்று மாதாமாதம் போய் எண்ணுவார்கள். சொன்னது பலித்ததா என்று திரும்பிப் பார்க்கிறவரைத்தான் நான் நிபுணர் என்பேன். படிப்பு எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

வங்கியில் ஒவ்வொரு அதிகாரிக்கும் கடன் கொடுக்க ஒரு வரம்பு உண்டு. இந்தத் தொகை வரைக்கும் நீ கையெழுத்துப் போடலாம், அதற்கு மேல் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பு என்பார்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வரம்பைத் தாண்டினால் குற்றப்பத்திரிகை வரும். கொடுத்த கடன் வசூலானதா என்று மூன்று வருடம் கழித்தும் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். விஞ்ஞானிகளுக்கு இப்படி எழுதி வைத்த வரம்பு கிடையாது, அதில்தான் சிக்கல் வருகிறது.

பி.டி. கத்தரிக்காயில் அதைப் பார்த்தோம். நம் கோவைப் பல்கலைக்கழகமே தன் கத்தரி ரகங்களில் அந்த மரபணுவை ஏற்றி வைத்திருந்தது. 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு சரி என்றது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்களைக் கூட்டிக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்தி வைத்தார். விஞ்ஞானம் தெரியாத கூட்டத்தைக் கேட்டா முடிவெடுப்பது என்று அப்போது பல விஞ்ஞானிகள் கொதித்தார்கள். அந்த மரபணு காய்ப்புழுவைக் கொல்லுமா என்பது அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதில் நம் கைதட்டலுக்கு வேலை இல்லை. ஆனால் விதை யார் கையில் இருக்க வேண்டும், நூற்றுக்கணக்கான நாட்டுக் கத்தரி இருக்கும் தேசத்தில் இது வேண்டுமா, தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஊரே கூடி முடிவு செய்ய வேண்டியவை. அந்தக் கோப்பு அவர்கள் கையெழுத்து வரம்புக்கு வெளியே இருந்தது. அதே வருடம் செப்டம்பரில் நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் சேர்ந்து மரபணுப் பயிர்களுக்கு ஆதரவாக ஓர் அறிக்கை கொடுத்தன. அதில் சில பகுதிகள் ஒரு விஞ்ஞானியின் கட்டுரையில் இருந்து அப்படியே எடுத்தவை என்று தெரிந்து, திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பெரிய பெயர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் வேலை சுத்தமாக இருக்கும் என்று நினைப்பதற்கில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இப்போது நம்மிடமும் நிபுணர்கள் பெருகிவிட்டார்கள். மூன்று வருடம் விவசாயம் செய்தவர் முந்நூறு பேருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கிறார். நாமக்கல் வறண்ட காட்டுக்கும் வால்பாறை அடிவாரத்துக்கும் ஒரே கரைசல், ஒரே அளவு. அவர் மண் என்ன, மழை எவ்வளவு, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சியின் கடைசியில் கரைசல் பாட்டில் விற்பனைக்கு வருகிறது என்றால், மருந்துக்கடைக்காரரை நாம் குறை சொன்ன வாய் என்ன ஆனது? பஞ்சகவ்யம் இப்படி வளரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அதைப் பல்கலைக்கழகமும் எடுத்துப் பல பயிரில் சோதித்து, மூன்று சதவீதக் கரைசலாகத் தெளிக்கலாம் என்று தன் பரிந்துரையிலேயே சேர்த்தது. நம் பொருள் அவர்கள் பாத்தியில் தேறியது. பயப்பட்டு ஒளித்து வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

இப்போது வேர்வாடல். கேரளத்தில் 1880-களிலேயே பார்த்த நோய். காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்கிருமி என்று பிடிபட ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. ஓலை விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளையும், மஞ்சளாகும், காய் குறையும். மரம் உடனே சாகாது, ஆனால் தேறாது. குணப்படுத்த மருந்து இல்லை என்று விஞ்ஞானிகள் நேராகச் சொல்கிறார்கள். கடுமையாகத் தாக்கிய மரத்தை வெட்டி எடுங்கள், மற்றதைத் தழையுரமும் தொழுவுரமும் போட்டுத் தேற்றுங்கள், கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ போலக் காயங்குளத்தில் இருந்து வந்த தாங்கும் ரகங்களை நடுங்கள் என்கிறார்கள். முப்பது வருடம் பெற்ற பிள்ளையாட்டம் வளர்த்த மரத்தை வெட்டு என்றால் யாருக்குத்தான் கேட்கப் பிடிக்கும்? அந்த நேரம் பார்த்து நம் ஆட்களில் சிலர் "வெட்டாதீங்க, எங்க கரைசலை வேரில் கட்டுங்க, ஆறு மாசத்தில் பச்சை திரும்பும்" என்று வீடியோ போடுகிறார்கள். நம்பிக் காத்திருக்கும் தோப்பில் இருந்து, சாறு உறிஞ்சும் பூச்சிகள் வழியாக நோய் பக்கத்துத் தோப்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அவர் நஷ்டத்துக்கு யார் பதில் சொல்வது?

உண்மையிலேயே கரைசல் வேலை செய்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்க முடியாது. அதனால் இயக்கத்துக்கு ஒரு கோரிக்கை. குணமாகும் என்று சொல்கிறவர் நோய் கண்ட இருபது மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆய்வகத்தில் நோயை உறுதி செய்துகொள்வோம். சீட்டுப் போட்டுப் பத்து மரத்துக்குக் கரைசல், பத்து மரத்துக்கு வெறும் தண்ணீர். எரு, பாசனம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. எந்த மரத்துக்கு எது என்று தெரியாத பயிர் நோயியல்காரர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஓலையையும் குலையையும் எண்ணி எழுதட்டும். இரண்டு வருடம் நடக்கட்டும். முடிவு எதுவானாலும் இதே இதழில் அச்சாக வேண்டும். சுற்றியிருக்கும் தோப்புக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும், அது முக்கியம். ஆனைமலை வட்டாரத்தில் இதற்கு மரம் கொடுக்கத் தயாராக நான்கு பேரிடம் பேசி வைத்திருக்கிறேன். பயிர் நோயியல் துறையில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் பேருந்துச் செலவு மட்டும் போதும் என்கிறார். கரைசல்காரர்களிடம் இருந்துதான் இன்னும் பதில் வரவில்லை.